கொஞ்ச நேரம் வெளியே

—பத்துக்குப் பத்தா? பத்தொன்பதாம் நம்பருக்கா?

—ஆமாக்கா. ரெண்டு பேருமே பத்து போட்டோம். விமர்சகர் பட்டியல்ல அவர்தான் முதல்.

—காலையில நான் அஞ்சு நிமிஷம் வராந்தாவுல நின்னேன். அந்த அஞ்சு நிமிஷத்துலயா? ஏம்மா, நீ இந்த ஓவியர்-விமர்சகர் திட்டத்துக்கே செயலாளர். அந்த விண்ணப்பத்தைப் படிச்சியா இல்லையா?

—படிச்சேனே அக்கா.

—என்ன எழுதியிருந்துச்சு, சொல்லு பாப்போம்.

—அது வந்து... ‘பொருளின் மௌனம்’னு... கொஞ்சம் ஆழமா இருந்துச்சுக்கா.

—பாழுங்கிணறும்தான் ஆழமா இருக்கு, அதுக்காக எட்டிக் குதிக்கிறோமா? அப்புறம் எடுத்து எண்ணிப் பாத்தேன், நாலு பக்கத்துல மௌனம்ங்கிற வார்த்தை பதினேழு இடத்துல வருது. வாயை மூடாம மௌனத்தைப் பத்திப் பேசுறவன் அவன். சார், நீங்க முப்பது வருஷமா கலை விமர்சனம் எழுதுறவர். நீங்களுமா பத்து போட்டீங்க?

—சிற்பியம்மா, முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், மேல ஏசி ஒழுகுது. இப்படி வாங்க. பொதுவா சொல்றேன், மார்க்குன்னு வரும்போது எழுத்தை மட்டும் பாக்க முடியாது.

—வேற எதைப் பாக்கணும்? ஜாதகத்தையா?

—நீங்க எழுந்து வெளிய போனீங்கல்ல, அதைப் பாத்தோம்.

—நான் வெளிய போனதுக்கும் அவனுக்கு மார்க் வந்ததுக்கும் என்ன சார் சம்பந்தம்? தெரிஞ்ச ஆளோட விண்ணப்பம் வந்தா எழுந்து வெளிய போயிடணும், அது உங்க விதி. காலையில வந்ததும் வராததுமா இந்தப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. பேர் மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கு. இருந்தாலும் ரெண்டாவது வரி படிக்கும்போதே எனக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நேர்மையா எழுந்து போனேன். அவ்வளவுதான்.

—விதி ஒன்பதுக்கா. வெளிய போனவங்க மார்க் கணக்குல வராது. உள்ள இருக்கிற ரெண்டு பேர் போடுறதோட சராசரிதான்.

—சரி, அது நியாயம்தானே. அதுல எங்கேர்ந்து வந்துச்சு பத்து?

—மேடம், நீங்களே சொல்லிடுங்க. இவங்க குழுவுக்குப் புதுசு.

—நான் எப்படி சார் சொல்றது... அக்கா, காலையிலேர்ந்து யார் யார் வெளிய போனாங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்.

—சார் ரெண்டு தடவை போனாரு. ஒண்ணு, எட்டாம் நம்பர். செவத்துல வாளி வாளியா பெயிண்ட்டை ஊத்திட்டு, தரையில வழிஞ்சதுக்குப் பேர் வைக்கிறானே, அவன். இன்னொண்ணு யாரோ விமர்சகர். நீ நாலு தடவை போன. எதுக்கு நாலுன்னு நானும் நினைச்சேன்.

—தலைவரோட அண்ணன் பொண்ணு ஒண்ணு, அப்புறம்... சரி, காரணம் சொல்லக் கூடாது. இப்போ பட்டியலைப் பாருங்க.

—எட்டு... உள்ள இருக்கு. சாரோட விமர்சகர், உள்ள. நீ போனது ஒண்ணு, ரெண்டு, மூணு... எல்லாம் உள்ள. அட கருமமே! வெளிய போனவங்களோட ஆளுங்கதான் உள்ள வந்திருக்காங்களா?

—வழக்கம்தான்க்கா.

—எது வழக்கம்?

—பொதுவா சொல்றேன், சிற்பியம்மா. நம்ம தொழில் சின்ன ஊர் மாதிரி. எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் எழுந்து வெளிய போனா, அது அவருக்கு வேண்டியவங்கன்னு உள்ள இருக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடும். அப்புறம் ஒரு மரியாதை இருக்குல்ல? இன்னைக்கு நான் உங்களுக்குப் பண்றேன், நாளைக்கு நீங்க எனக்குப் பண்றீங்க. யாரும் யார்கிட்டயும் வாயைத் திறந்து கேக்கறதில்ல. ஒரு ஃபோன் கிடையாது, ஒரு சிபாரிசுக் கடுதாசி கிடையாது. எழுந்து போறோம், வராந்தாவுல நிக்கிறோம், வர்றோம். இதைவிட நாகரிகமா வேற எங்க நடக்குது சொல்லுங்க?

—நாகரிகம். எனக்குக் குமட்டிக்கிட்டு வருது சார்.

—பாத்ரூம் கடைசிக் கதவுக்கா. ஆனா பைப்புல தண்ணி வராது.

—எனக்கு ஒரு விஷயம் புரியல. எட்டாம் நம்பருக்கு சார் வெளிய இருந்தாரு. உள்ள நானும் நீயும். நான் மூணு மார்க் போட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. அப்படியிருக்க அவன் எப்படி உள்ள வந்தான்?

—உங்க மூணை ஒன்பதா சமன்படுத்திட்டோம்க்கா.

—என்ன படுத்தினீங்க?

—சமன்படுத்துறது. புதுசா வர்றவங்க முதல் வருஷம் தெரியாம குறைச்சுப் போட்டுடுவாங்க. அப்புறம் அவங்களே வருத்தப்படுவாங்க. அதனால அலுவலகமே திருத்தி வச்சுடும்.

—நான் பேனாவுல எழுதின மார்க்கை நீ திருத்தினியா?

—பென்சில் கொடுத்திருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்ல அக்கா.

—கேட்டுக்கோங்க சார், எவ்வளவு தெளிவா பதில் வருதுன்னு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். இங்க பூசணிக்காயைத் தட்டுல வச்சு, இதான் சோறுன்னு பரிமாறுறீங்க. எட்டாம் நம்பர் உங்க வீட்டு மாப்பிள்ளைதானே? உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நானும்தான் வந்தேன். மாப்பிள்ளை நகக்கண்ணுல பெயிண்ட் போகலைன்னு எல்லாரும் சிரிச்சாங்க.

—நான் அப்படி எதுவும் சொல்லல. விதிப்படி உறவைச் சொல்லக் கூடாது.

—சொல்லக் கூடாது, ஆனா சேத்துக்கலாம்!

—குரலைக் கொஞ்சம் குறைங்கக்கா, பக்கத்து ரூம்ல பட்ஜெட் மீட்டிங்.

—சரி, குறைச்சுட்டேன். இப்போ மெதுவாவே சொல்றேன். அந்தப் பத்தொன்பதை வெளிய எடுங்க.

—முடியாதுக்கா. விமர்சகர் பட்டியல் சாப்பாட்டுக்கு முன்னாடியே தலைவர் கையெழுத்தாகி வந்துடுச்சு. அவங்களுக்குத் தகவலும் போயிடுச்சு. பத்தொன்பதாம் நம்பர்காரர், நன்றின்னு பதில் கூட அனுப்பிட்டார். ரொம்ப நல்ல மொழிநடைக்கா.

—ஏம்மா, நான் அவனுக்காக வெளிய போகல. அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு போனேன். ரெண்டும் ஒண்ணா?

—எல்லாரும் முதல் தடவை இப்படித்தான் சொல்வாங்க, சிற்பியம்மா. ‘தெரிஞ்சவர்தான், அவ்வளவா பழக்கமில்ல’ன்னு. எனக்கும் அப்படிக் கூச்சமாத்தான் இருந்துச்சு.

—அவன் நல்லவன் இல்ல சார்.

—எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? விடுங்க.

—விட முடியாது. அவன் என்ன பண்ணினான்னு நான் சொல்றேன், கேளுங்க...

—வேணாம், வேணாம், சிற்பியம்மா! வாயைத் திறக்காதீங்க. காரணம் சொன்னா விதி பதினொண்ணு. தேர்வே செல்லாம போயிடும். பட்டியல் பூரா ரத்தாகி, அடுத்த வருஷம் புதுசா விளம்பரம் கொடுத்து, புதுசா குழு போட்டு... அப்புறம் நீங்க பத்து போட்டீங்களே, அந்த முப்பத்திமூணாம் நம்பரும் போயிடும். பரவாயில்லையா?

—முப்பத்திமூணு.

—ஆமா. ஓவியர் பட்டியல்ல இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு. அதைப் பேசலாம்னுதானே உங்களைச் சீக்கிரம் உள்ள வரச் சொன்னோம்.

—...சரி. பேசலாம். ஏம்மா, அந்தப் படத்தைத் திரும்பப் போடு.

—இதுவாக்கா?

—இது எட்டாம் நம்பர். இதைப் பாத்தா செவத்துக்கு பேதி ஆன மாதிரி இருக்கு. அடுத்தது. அடுத்தது. ஆங், இதான். விளக்கை அணை. சார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாருங்க. என்ன தெரியுது?

—பழைய பெட்ஷீட். இஸ்திரிப் பெட்டியால கருக்கியிருக்கு.

—கருக்கினதுல என்ன தெரியுது?

—ஒரு ஆள் ஒருக்களிச்சுப் படுத்திருக்கிற மாதிரி.

—முட்டியை மடக்கி, கையைக் கழுத்துக்கு அடியில வச்சு. அந்த முதுகு வளைவைப் பாருங்க. இஸ்திரிப் பெட்டியை எங்க அழுத்தணும், எங்க தூக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும், எல்லாம் கை அறிஞ்சு செஞ்சிருக்கு. ஒரு நொடி அதிகமா வச்சா துணி பொத்துப் போயிடும். நான் முப்பது வருஷமா இரும்பைக் காய்ச்சி ஒட்டுறவ சார். சூட்டுல கோடு போடுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். எனக்கு வராது இது.

—அக்கா, இவங்க எழுதியிருக்கிறது ரொம்பச் சின்னது. நாலு பக்கம் எழுதச் சொன்னோம், ஏழு வரிதான் இருக்கு.

—அந்த ஏழு வரியைப் படி. சத்தமா.

—‘நான் ஒரு ஹோட்டல் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இரவில் யாரோ படுத்துவிட்டுப் போன துணி காலையில் என் கைக்கு வரும். மடிப்பைப் பார்த்தால் எப்படிப் படுத்திருந்தார்கள் என்று தெரியும். கறை போகாத துணியைக் குப்பையில் போடச் சொல்வார்கள். அதில்தான் செய்கிறேன். கண்காட்சி அமைக்க எனக்குத் தெரியாது, ஆனால் பன்னிரண்டு போர்வையை ஒரே போர்வை அளவுக்கு மடிக்கத் தெரியும். தேர்வானால் தேதியை முன்னாடியே சொல்லவும், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.’

—இதுல ஒரு பொய் இருக்கா சார்? காலையிலேர்ந்து அறுபது விண்ணப்பம் படிச்சோம். ‘வெளியின் விளிம்பில் என் உடல் கேள்வியாகிறது’ன்னு ஒருத்தன். தன்னையே ‘இப்படைப்பாளி’ன்னு சொல்லிக்கிறவங்க அஞ்சு பேர். அதுக்கு நடுவுல ஒருத்தி லீவு கேக்கணும், தேதி சொல்லுங்கங்கிறா. இதுக்குப் பத்து போடாம வேற எதுக்குப் போடுறது?

—உணர்ச்சி வேற, மதிப்பீடு வேற. பொதுவா சொல்றேன், இது கைவேலை. இதுல கோட்பாடு இல்ல. இந்தத் திட்டம் என்ன? ஓவியர் ஒருத்தர், விமர்சகர் ஒருத்தர், ஜோடியா அந்தப் பழைய கிடங்குல ஆறு மாசம் தங்கணும். ஒரே பட்டறையில உக்காந்து பேசிப் பேசி ஒரு கண்காட்சியை அமைக்கணும். இந்தப் பொண்ணு விமர்சகர்கிட்ட என்ன பேசும்? துணி எப்படி மடிக்கிறதுன்னா? அதான் நான் ரெண்டு மார்க் போட்டேன்.

—நீ?

—மூணுக்கா. நீங்க பத்து போட்டிருக்கீங்க. சராசரி அஞ்சு வருது. இருபத்தேழாம் நம்பருக்கு மூணு பேருமே ஆறு போட்டிருக்கோம். அதனால அந்த இடம் இருபத்தேழுக்குப் போகுது.

—இருபத்தேழு எது?

—பூந்தொட்டிக்கா.

—அதுவா! பூந்தொட்டி, பக்கத்துல ஜன்னல். அடுத்த படம் ஜன்னல், பக்கத்துல பூந்தொட்டி. அதுக்கு நான் எதுக்கு ஆறு போட்டேன்?

—எல்லாருமே அப்படித்தான் போட்டோம்க்கா. யாருக்கும் பிடிக்கல, யாருக்கும் வெறுப்பும் இல்ல.

—ஐயோ. ஏம்மா, உண்மையைச் சொல்லு. முப்பத்திமூணுக்கு நிஜமாவே மூணு மார்க்தான் வருமா?

—எனக்குப் படம் பத்தி என்ன தெரியும்க்கா? நான் அலுவலகம். யாராவது வெளிய போவாங்களான்னு பாத்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கல. சரி, ஆள் இல்லாத விண்ணப்பம்னு மூணு போட்டேன்.

—ஆள் இல்லாத விண்ணப்பம்.

—அப்படித்தான்க்கா சொல்வோம்.

—சார், நீங்களும் அதுக்குத்தான் ரெண்டு போட்டீங்களா?

—நான் படைப்பைப் பாத்துதான் போட்டேன்.

—விளக்கு எரியும்போது போட்டீங்க. திரையில ஒண்ணுமே தெரியல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், நீங்க டீயில பிஸ்கட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தீங்க.

—சிற்பியம்மா, நீங்க என்னை அவமானப்படுத்துறீங்க.

—உங்களை அவமானப்படுத்த என்னால முடியுமா சார்? அதுக்கெல்லாம் தாண்டிப் போயிட்டீங்க. ...சரி. ஒரு சந்தேகம். இப்போ நான் எழுந்து வெளிய போனா என்ன ஆகும்?

—எதுக்குக்கா?

—முப்பத்திமூணுக்கு.

—மார்க் போட்டு முடிச்சாச்சே?

—அப்போ கவனிக்கல. இப்போ ஏழு வரியைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பொண்ணு எனக்குத் தெரிஞ்சவ.

—அப்படியா! எப்படிம்மா தெரியும்? சொந்தமா?

—காரணம் சொல்லக் கூடாதே சார். விதி பதினொண்ணு.

—ஹா ஹா ஹா! மேடம், பாத்தீங்களா? நான்தான் சொன்னேன்ல, இவங்க சீக்கிரம் கத்துக்குவாங்கன்னு. இவ்வளவு நேரம் முட்டி மோதினதுக்குப் பதிலா காலையிலேயே எழுந்து போயிருக்கலாமே, சிற்பியம்மா. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

—இருக்கு சார், நிறைய இருக்கு. ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பொண்ணு வந்தா ஐம்பத்திரெண்டு கூட ஜோடி போடு. தெருவோர விளம்பரப் பலகையைப் பத்தி எழுதியிருந்துச்சே, அந்த விமர்சகப் பொண்ணு. நீ அதுக்கு வெளிய போன, உனக்கு வேண்டியவ போல. ஆனா நல்லா எழுதுது. சாக்கடையிலயும் ஒரு மீன்.

—என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கா. சரி, பாத்துக்கறோம். நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. கதவை இழுத்து மூடிக்கோங்க, தானா சாத்தாது.

\*

—ஏண்டி தங்கச்சி, பேசலாமா? கிளாஸ்ல இருக்கியா?

—இப்போதான் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். அடுத்த மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? மீட்டிங் முடிஞ்சுதா?

—முடியல. நான் வராந்தாவுல நிக்கிறேன். பக்கத்துல கால் உடைஞ்ச பிளாஸ்டர் சிலை ஒண்ணு. அதுவும் என்னை மாதிரியே செவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது. கண்ணாடிக் கதவுல உள்ள ரெண்டு பேரும் தெரியுறாங்க. சிரிச்சுச் சிரிச்சு மார்க் போடுறாங்க.

—எதுக்கு நீ வெளிய நிக்கிற?

—ஒரு பொய் சொல்லிட்டு நிக்கிறேன். இங்க ஒரு வழக்கம் இருக்குடி. யாருக்கு வேண்டியவங்க விண்ணப்பம் வருதோ அவங்க எழுந்து வெளிய போகணும். வெளிய போனா, உள்ள இருக்கிறவங்க மரியாதைக்குப் பத்து மார்க் போட்டுடுவாங்க. ஒரு பொண்ணு இருக்கு, சலவைக் கூடத்துல வேலை. அவ செஞ்சிருக்கிற படம் அவ்வளவு நல்லா இருக்கு. அவளுக்காக எழுந்து போற ஆள் ஒருத்தர் கூட இல்ல. அதான் நான் போனேன்.

—யாரு அவ உனக்கு?

—தெரியாது. பேர் மேல டேப் ஒட்டியிருக்கு.

—நீயா இப்படி? பரீட்சையில பக்கத்துல பாத்து எழுதினேன்னு என்னை அம்மாகிட்ட மாட்டி விட்டவ நீ.

—தெரியும்டி. எனக்கே என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கு. கை கழுவிக்கலாம்னு போனேன், பைப்புல தண்ணி வரல.

—சரி விடு. நல்ல காரியத்துக்குத்தானே.

—அதுக்காக உன்னைக் கூப்பிடல. காலையிலயும் ஒரு தடவை வெளிய வந்தேன். அப்போ உண்மையாவே விதிக்காக. விமர்சகர் விண்ணப்பம் ஒண்ணு. ‘பொருளின் மௌனம்’னு ஆரம்பிச்சுது.

—...அவனா?

—அவனேதான்.

—உன் பட்டறைக்குச் சிற்பத்தைப் பாக்க வர்றேன்னு வந்து, உள்பக்கமா தாழ்ப்பாளைப் போட்டவன்.

—ம்.

—நீ சூடா இருந்த கம்பியைக் கையில எடுத்ததாலதான் கதவைத் திறந்தான். அப்புறம் எழுதினானே, ‘ஆண் சிற்பிகள் விட்டுப்போன மிச்சத்தைப் பொறுக்குகிறவர்’னு. ஏழு வருஷம் ஒரு கண்காட்சிக்கும் உன்னை யாரும் கூப்பிடல. நீ வீட்டு வாசலுக்கு இரும்பு கேட் செஞ்சு வித்துக்கிட்டு இருந்த. அவன் விண்ணப்பத்தைக் கிழிச்சுப் போட்டியா இல்லையா?

—நான் எழுந்து வெளிய வந்தேன். அவங்க பத்துக்குப் பத்து போட்டுட்டாங்க. என்னோட ஆளுன்னு நினைச்சு, எனக்கு மரியாதை பண்ணியிருக்காங்க.

—தூ! வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, அவன் இப்படிப்பட்டவன்னு!

—கலைஞர் சங்கத்துல ஒரு தடவை சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ஒன்பது பேர் உக்காந்திருந்தாங்க. காத்துல கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் தானா விழுந்திருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. மத்த எட்டுப் பேரும் டீயைக் குடிச்சாங்க. இன்னைக்கும் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். காரணம் சொன்னா மொத்தப் பட்டியலும் ரத்துன்னாங்க. அப்போ அந்தப் பொண்ணு? திரும்பப் போய்ப் போர்வை மடிக்கும். இனிமே எழுதிக்கூடப் போடாது. எனக்கு இருக்கிறது ஒரு மூச்சு. அதை அவனைத் திட்டுறதுக்குச் செலவழிக்கிறதா, இவளை உள்ள கொண்டுவர்றதுக்குச் செலவழிக்கிறதான்னு யோசிச்சேன். வாயை மூடிக்கிட்டேன்.

—நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அவனும் அங்க இருப்பான், இவளும் அங்க இருப்பா. அது பரவாயில்லையா?

—ஆறு ஜோடிடி. ஜோடிக்கு ஒரு பட்டறை. நான் கேட்டு வச்சுட்டேன், ஒரு நல்ல விமர்சகப் பொண்ணு கூட இவளைச் சேர்க்கச் சொல்லி. ரெண்டு பொண்ணுங்க ஒரு பட்டறையில இருந்துட்டுப் போகட்டும். அவன் எவன் கூடவாவது கிடந்து மௌனத்தைப் பத்திப் பேசட்டும். நான் மாசம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவேன். முதல் நாளே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுவேன், அந்த ஆள் இருக்கிற பக்கம் போகாதேன்னு.

—சாக்கடையில கல்லெறிஞ்சா நம்ம மேலதான் தெறிக்கும்னு அப்பா சொல்வாரு.

—தெறிக்கட்டும். என் மேல தெறிச்சா நான் துடைச்சுக்கறேன். அந்தப் பொண்ணு துணியில கருக்கியிருக்கிற முதுகு வளைவை நீ பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட.

—மணி அடிக்குது. சாயங்காலம் வீட்டுக்கு வா. சாப்பிட்டியா?

—பிஸ்கட் கொடுத்தாங்க. தொடப் பிடிக்கல. சரி வை, கதவைத் திறக்கறாங்க.

\*

—வாங்கக்கா, வாங்க! அரை மணி நேரமா நிக்க வச்சுட்டோம்.

—என்ன ஆச்சு? சீக்கிரம் சொல்லு.

—பத்துக்குப் பத்துக்கா! முப்பத்திமூணு உள்ள!

—நிஜமாவா?

—சாரும் பத்து, நானும் பத்து. பூந்தொட்டி வெளிய.

—...ஒரு நிமிஷம் இரும்மா. உக்காந்துக்கறேன்.

—பொதுவா சொல்றேன், சிற்பியம்மா, ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. அந்தக் கருகல் இருக்கே, அது உழைப்போட தழும்பு. படுத்தவங்க இல்ல, படுத்த தடம் மட்டும் இருக்கு. இல்லாமையைக் கொண்டு இருப்பைச் சொல்றது. இதைப் பத்தி நானே ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன்.

—அரை மணிக்கு முன்னாடி கைவேலைன்னீங்க.

—கண்ணு திறக்க நேரமாகும்ல.

—உங்களுக்குக் கண்ணு திறக்கல சார், நான் கதவைத் திறந்தேன். போகட்டும். எழுதுங்க, நல்லா எழுதுங்க. இன்னைக்கு உங்ககிட்ட சண்டை போட எனக்குத் தெம்பில்ல. அந்தப் பொண்ணுக்கு எப்போ சொல்வீங்க?

—சொல்லிட்டேன்க்கா. ஃபோன் அடிச்சா சலவைக் கூடத்துல ஒரே மெஷின் சத்தம். மூணு தடவை சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. அழுதுடுச்சு. லீவு எழுதிக் கொடுக்கத் தேதி சொல்றேன்னு சொன்னேன். ஆறு மாசம் லீவு தர மாட்டாங்க மேடம், இப்பவே சூப்பர்வைசர்கிட்ட வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டு வர்றேன்னுச்சு. அஞ்சே நிமிஷத்துல அதுவே கூப்பிட்டு, சொல்லிட்டேன்னு சொல்லுச்சு.

—வேலையை விட்டுடுச்சா? பைத்தியக்காரப் பொண்ணு. நல்லவேளை, உள்ள வந்துடுச்சு. நல்லவேளை. எங்க கையெழுத்து போடணும்? இங்கயா?

—இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

—போட்டாச்சு. காலையிலேர்ந்து இந்த ரூம்ல நாறாத காகிதம் இது ஒண்ணுதான். ஐம்பத்திரெண்டு கூடத்தானே சேர்த்திருக்கீங்க?

—அதுல ஒரு சின்ன மாற்றம், சிற்பியம்மா. ஐம்பத்திரெண்டை எட்டாம் நம்பருக்குக் கொடுத்துட்டோம். உங்களுக்கு இன்னும் நல்லதா ஒண்ணு பண்ணலாம்னு எனக்குத்தான் தோணுச்சு. நீங்க வாயைத் திறந்து கேக்க மாட்டீங்க, கூச்சப்படுவீங்க. நாங்களாத்தானே புரிஞ்சுக்கணும்? சொல்லுங்க மேடம்.

—முப்பத்திமூணையும் பத்தொன்பதையும் ஒரே ஜோடியா போட்டுட்டோம்க்கா, ரெண்டு பேருமே உங்க ஆளுங்கதானே. இப்போதான் அவர்கிட்ட சொன்னேன், உடனே அந்தப் பொண்ணோட ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டார்.